கணக்கில் வராத மடு

மூன்றாவது முறை வீசியபோதும் வலையில் ஜிலேபி மீன்கள்தான். பரிசலில் குந்தியபடி ஒவ்வொன்றாக எடுத்து அளந்துவிட்டு நிமிரப் பார்த்தார். முதுகு கொஞ்சம் யோசித்துத்தான் நிமிர்ந்தது. மடியிலிருந்த தாளில் ஆற்றின் சொந்த மீன்கள் முப்பத்தொன்றின் பெயர்கள் அச்சாகியிருந்தன. மூன்று நாளில் நான்கு பெயர்களுக்கு நேரேதான் டிக் விழுந்திருந்தது.

மீன்வளத் துறையில் கள உதவியாளர் அவர். இருபத்திரண்டு வருஷம் பிளாஸ்டிக் பைகளில் வெளிநாட்டு இனமான ஜிலேபிக் குஞ்சுகளைக் கொண்டுவந்து இதே ஆற்றில் கொட்டியவர். கரையில் அவருக்கு ‘ஜிலேபி சார்’ என்றே பெயர்; சர்க்கரை வியாதி வந்த பிறகும் அது மாறவில்லை. ஓய்வுபெற எட்டு மாதம் இருக்கும்போது, மிச்சமிருக்கும் மீன்களை எண்ணிவரச் சொல்லி அவரையே அனுப்பியிருந்தார்கள். மகள் வயதிருக்கும் அதிகாரி, “போன வருஷ லிஸ்ட்லயே தேதிய மாத்திடுங்க சார், வெயில்ல எதுக்கு அலையுறீங்க?” என்றாள். அக்கறையாகத்தான் சொன்னாள். அதை நினைத்தால்தான் இன்னும் அலுப்பாக இருந்தது.

பரிசல்காரி துடுப்பை நிறுத்தினாள். புருஷன் போனபின் தனியாக வலை வீசிப் பிழைப்பவள். மூன்று நாளாக அவள் பேசிய வார்த்தைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

“ஒரு எடம் காட்டுறேன் சார். ஆனா எழுதக் கூடாது.”

“எழுதத்தானேம்மா என்னை அனுப்பியிருக்காங்க?”

“அப்ப திரும்பிடலாம்.”

அவர் பேனாவை மூடிப் பையில் போட்டார்.

ஆற்றில் ஓடை வந்து சேருமிடத்தில் பரிசலைக் கட்டிவிட்டு, இடுப்புயரப் பாறை ஒன்றைப் பிடித்து ஏறினார்கள். கீழிருந்து எந்த ஜிலேபியும் ஏறி வர முடியாத உயரம். மேலே மர நிழலில் ஒரு மடு. கூழாங்கற்களில் பாசி படியாத அளவுக்கு நீர் ஓடிக்கொண்டிருந்தது. கற்களை ஒட்டி அயிரைகள். வேருக்குள் கையை விட்டார். ஆரல் ஒன்று விரலிடுக்கில் வழுக்கிக்கொண்டு போயிற்று. ஓரத்துக் கோரைப்புல்லருகே தண்ணீர் சிவப்பாகக் கொதிப்பதுபோல விரால் குஞ்சுக் கூட்டம். அடியில் காவலுக்குத் தாய் விரால். பதினொரு வகை எண்ணினார். பிறகு எண்ண முடியாமல், நனைந்த காற்சட்டையோடு கல்லிலேயே உட்கார்ந்துவிட்டார். சந்தோஷம் வந்திருக்க வேண்டும். ஏனோ, செய்த வேலையெல்லாம் ஒருசேர வந்து தோளில் ஏறியதுபோல் இருந்தது.

“இந்த ஓடைக்கு அடுத்த மாசம் மெஷின் வருதும்மா,” என்றார். “மீன் இல்லாத ஓடைன்னு ஃபைல்ல எழுதியிருக்கு. ஆழமாத் தோண்டி ரெண்டு பக்கமும் சிமெண்ட் போடப்போறாங்க.”

அவள் விரால் குஞ்சுகளைக் கைகாட்டினாள். “எழுதலைன்னா மெஷின் வரும். எழுதினா நீங்க ஜிலேபிக் குஞ்சுப் பையத் தூக்கிட்டு வருவீங்க. அதுங்க எங்கதான் சார் போகும்?”

அவர் நனைந்த காற்சட்டையைப் பிழிந்துவிட்டு எழுந்தார்.

மறுநாள் அலுவலகத்தில் பதினொரு பெயர்களுக்கும் டிக் போட்டார். குறிப்பு என்ற கட்டத்தில், ‘இங்கே வெளிக்குஞ்சு எதையும் விடக் கூடாது. கீழே ஆறு காலியானது நாம் ஜிலேபியை விட்டதால். விட்டவன் நான்’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். அதிகாரி இரண்டு முறை படித்தாள்.

“கடைசி வரி எதுக்கு சார்? உங்களுக்குத்தான் சிக்கல்.”

“அது இல்லாட்டி மேல உள்ளத யாரும்மா நம்புவா?”

அவள் தாளைத் திருப்பிக் கொடுக்கவுமில்லை, மேலே அனுப்புவதாகச் சொல்லவுமில்லை. கோப்பின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மாலையில் அவர் பரிசல் துறைக்குப் போனார். பரிசல்காரி வலையை உதறிக்கொண்டிருந்தாள்.

“எழுதிட்டேம்மா.”

அவள் ஏறிட்டுப் பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். வலையைச் சுருட்டிப் பரிசலில் போட்டுவிட்டு, தள்ளிக்கொண்டு போய்விட்டாள். முழங்கால் தண்ணீரில் அவர் அப்படியே நின்றார். கலங்கலுக்குள் ஏதோ சின்ன மீன்கள் வந்து பாதத்தைக் கொத்தின. குனிந்து பார்த்தும் எந்த மீன் என்று தெரியவில்லை. ஓடிவிடுமோ என்று காலை அசைக்காமல் நின்றுகொண்டிருந்தார்.