சுவருக்கு அந்தப் பக்கம்

அப்பாவுக்குப் போட ஒரு பிடி மண்ணை அள்ளிய மூத்தவள் அதைக் குழிக்குள் போடாமல் மூக்குக்குக் கொண்டுபோய்விட்டாள்.

வேண்டுமென்று செய்ததில்லை. இருபது வருஷப் பழக்கம். கைக்கு மண் வந்தால் அது தானாக முகத்துக்கு ஏறிவிடும். கற்றுக்கொடுத்தவர் கீழே பெட்டிக்குள் படுத்திருக்கிறார்.

"என்னம்மா பண்றே? போடு. பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்கல்ல," என்று அத்தை முழங்கையால் இடித்தாள்.

மூத்தவள் போடவில்லை. இன்னொரு தரம் முகர்ந்தாள். பழுத்து அழுகப்போகிற பழத்தின் வாசம் மாதிரி இருந்தது. அதற்குள்ளே மருந்து நெடி ஒன்று, இனிப்பாக, நூல் போல. பூக்களின் வாசமாக இருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். அப்படியே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள் என்பதுதான் சரி. பூக்கள் பெட்டியோடு உள்ளே போய்விட்டிருந்தன. மண் அவள் கையில் இருந்தது.

கையிலிருந்ததைக் குழிக்குள் விட்டாள். விரல்களை உடனே சேலையில் துடைத்தாள். அத்தை அதையும் பார்த்துவிட்டாள். பெற்ற அப்பாவுக்குப் போட்ட மண்ணை யாராவது இப்படித் துடைப்பார்களா என்று அத்தையின் கண் கேட்டது. வாய் கேட்கவில்லை.

அப்பாவை ஊரில் எல்லாரும் மூக்கர் என்றுதான் கூப்பிடுவார்கள். நிலத்தில் துளை போடும் போர் வண்டியில் நாற்பது வருஷம் வேலை பார்த்தவர். தண்ணீருக்காகப் போடும் போர் இல்லை. பழைய தொழிற்சாலை நின்ற இடம், எண்ணெய்த் தொட்டி புதைத்த இடம், இப்படி மண் கெட்டுப்போயிருக்கும் என்று சந்தேகப்படுகிற இடங்களில் துளை போட்டு, அடி அடியாக மண்ணை எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புகிற வேலை. முகமூடியைக் கழற்றக் கூடாது என்று சட்டம். மூக்கர் கழற்றிவிட்டு முகர்ந்து பார்ப்பார். "டீசல். பன்னெண்டு அடியில முடிஞ்சிரும்," என்பார். பத்து நாள் கழித்து வருகிற அறிக்கையும் அதையேதான் சொல்லும்.

மூத்தவள் படித்து, அதே தொழிலில் மேஜைக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள். அப்பா எடுத்துக் கொடுக்கும் மண்ணின் கணக்கை வைத்து, எவ்வளவு தூரம், எவ்வளவு ஆழம் தோண்டி அகற்ற வேண்டும் என்று திட்டம் போடுவது அவள் வேலை. கடைசியில் எல்லாம் வரைபடத்தில் ஒரு கோடாக வந்து நிற்கும். கோட்டுக்கு இந்தப் பக்கம் தோண்டுவார்கள். அந்தப் பக்கம் யாரும் தொடமாட்டார்கள்.

இப்போது கூட்டம் நகர்ந்துகொண்டிருந்தது. "மூக்கர் உசுரோட இருந்தா இந்தப் பெட்டி என்ன மரம்னு முகர்ந்தே சொல்லியிருப்பாரு," என்று யாரோ சொல்ல, நாலைந்து பேர் அழுகையோடு சிரித்தார்கள். அவள் குழியின் ஓரத்திலேயே நின்றாள். அதன் பக்கச்சுவர் அவளுக்குப் புத்தகம் போலத் திறந்து கிடந்தது. மேலே கறுப்பு மண். அதன் கீழே நாலடிக்கு மஞ்சள் மணல். அடியில் சாம்பல் நிறக் களிமண். மணலும் களியும் சேருகிற இடம் ஈரமாக மின்னியது. அப்பாவின் பெட்டி விரல் ஆழத் தண்ணீரில் இருந்தது.

குழி வெட்டுகிறவர் மண்வெட்டியோடு காத்திருந்தார். அவள் அவர் பக்கத்தில் போய் மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணே, அடியில தண்ணி வந்துச்சா?"

"வந்துச்சும்மா. காலையில நாலு வாளி அள்ளிட்டேன், அப்பவும் கசியுது. மனசுல வெச்சுக்காதீங்க."

"முன்னாடியும் இப்படித்தானா?"

"இல்லையே. இந்த ரெண்டு வருஷமாத்தான், இந்தச் சுவரோரமா." அவர் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு சொன்னா தப்பா நெனைக்க மாட்டீங்களே? வெட்டி முடிக்கிறப்ப தலை கிர்ருனு சுத்திருச்சு. வயசாயிடுச்சுன்னு நெனச்சு மேல ஏறி உக்காந்துட்டேன். மேல வந்ததும் சரியாப் போச்சு."

அவள் நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள்.

ஆளுயரச் செங்கல் சுவர். அதற்கு அந்தப் பக்கம் இப்போது வெறும் புல். நாலு வருஷத்துக்கு முன்னால் அங்கே ஒரு பட்டறை இடிந்து கிடந்தது. இரும்புச் சாமான்களின் எண்ணெய்ப் பிசுக்கைப் போக்க முப்பது வருஷமாக ஒரு திரவத்தில் முக்கி எடுத்திருக்கிறார்கள். தண்ணீரைவிடக் கனமான, இனிப்பு நெடி அடிக்கிற திரவம். மண்ணில் சிந்தினால் நிற்காமல் இறங்கும், களி வந்தால்தான் நிற்கும். நின்ற பிறகு களி எந்தப் பக்கம் சரிகிறதோ அந்தப் பக்கம் நகரும், யாருக்கும் தெரியாமல்.

அந்த இடத்தைச் சுத்தம் செய்யத் திட்டம் போட்டது மூத்தவள். போர் போட்டது அப்பா, அவருடைய கடைசி வேலை. சுவரை ஒட்டிப் போட்ட மூன்று துளைகளில் அளவு குறைவாகத்தான் வந்தது. அன்றைக்கு அப்பா சுவரில் கையை வைத்துக்கொண்டு சொன்னார்:

"களி அந்தப் பக்கமாச் சாயுதும்மா. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரே ஒரு துளை போட்டுப் பாத்துருவோம்."

இடுகாட்டுக்குள் துளை போட அனுமதி வாங்க மூன்று மாதம் ஆகும். வேலையை முடித்துக் கொடுக்க அவளிடம் ஐந்து வாரம் இருந்தது.

"அங்க இருக்கிறவங்க யாருப்பா தண்ணி குடிக்கப் போறாங்க?" என்றாள் அவள்.

அப்பா அதற்குச் சிரித்துவிட்டார். அவளும் சிரித்தாள். கோடு சுவரோடு நின்றது. அறிக்கையில் அவள் எழுதினாள்: சுவருக்கு அப்பால் பாதிப்பு எதுவும் காணப்படவில்லை. எழுதியதில் பொய் ஒன்றும் கிடையாது. போய்ப் பார்த்தால்தானே காணப்படும்?

அப்பா கேட்ட துளையை இன்று குழி வெட்டுகிறவர் போட்டுவிட்டார்.

இடுகாட்டின் கீழ் வாசலைத் தாண்டினால் சரிவு. சரிவின் முடிவில் அவர்கள் தெரு. தெருவில் மூன்றாவது வீடு அப்பாவின் வீடு. அங்கே இப்போது தங்கையும் அவள் வீட்டுக்காரனும் இருக்கிறார்கள். தங்கைக்கு ஏழாம் மாதம். குழந்தைக்காக ஆறு வருஷம் காத்திருந்தவள்.

எல்லோரோடும் மூத்தவள் இறங்கி நடந்தாள். நடக்கும்போதே உதடு அடிகளை எண்ணிக்கொண்டிருந்தது. நூற்றிருபது, நூற்றிருபத்தொன்று. அவள் எண்ணவேண்டும் என்று நினைக்கவில்லை, கால் நினைத்தது. களியின் மேல் அது நகர்ந்தால் வருஷத்துக்கு இத்தனை அடி, நாலு வருஷத்துக்கு இத்தனை. பட்டறை மூடி எத்தனை வருஷம்? அதற்கு முன்னாலேயே சுவரைத் தாண்டியிருந்தால்? நூற்றெண்பதாவது அடியில் தெரு வந்துவிட்டது. முதல் வீட்டு வாசலில் ஒரு பெண் கிணற்றுத் தண்ணீர் வரும் குழாயைத் திருகிச் செடிகளுக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். பிணத்தோடு போய்த் திரும்புகிறவர்களைப் பார்த்து, மரியாதைக்காகக் குழாயை மூடிவிட்டு நின்றாள். மூத்தவள் குழாயில் சொட்டுகிற தண்ணீரைப் பார்த்தபடியே கடந்தாள்.

எட்டு மாதமாக அப்பாவுக்குச் சிறுநீரகம் கெட்டிருந்தது. என்ன தொழில் பார்த்தார் என்று டாக்டர் கேட்டார். இவர்கள் சொன்னார்கள். டாக்டர் தலையை ஆட்டினார், இவர்களும் ஆட்டினார்கள். நாற்பது வருஷ விஷம், மிச்சம் வைக்குமா? அதோடு பேச்சு முடிந்துவிட்டது. அவர் வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த இந்த நாலு வருஷம் எதைக் குடித்தார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டியவள் ஒருத்திதான் இருந்தாள்.

வீட்டுப் பின்வாசலில் ஓர் அடிபம்பு. அப்பாவே கையால் இறக்கியது. இருபதடிதான், களிக்கு மேலேயே தண்ணீர் கிடைத்துவிட்டது என்று பெருமையாகச் சொல்வார். தெருக்குழாய்த் தண்ணீரை அந்த வீட்டில் பாத்திரம் கழுவ மட்டும்தான் பிடிப்பார்கள்.

அவள் உள்ளே போனபோது பின்வாசலில் கூட்டம். கை கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். தங்கையின் வீட்டுக்காரன் பம்பை அடித்துக்கொண்டிருந்தான். தங்கை ஒரு பெரிய ஜக்கில் தண்ணீரைப் பிடித்துத் தம்ளர் தம்ளராக ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"நீ உக்காருடி. நான் குடுக்கிறேன்," என்று அத்தை அவளைக் கடிந்தாள்.

"இருக்கட்டும் அத்தை. சும்மா உக்காந்தா அழுகைதான் வருது."

அத்தை ஒரு தம்ளரைக் காலி செய்துவிட்டு, "என்னமா இனிக்குதுடி உங்க வீட்டுத் தண்ணி. அண்ணன் கைராசி," என்றாள்.

மூத்தவள் தங்கையைக் கையைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்துப்போனாள்.

"இந்தத் தண்ணி எப்பத்திலேர்ந்து இப்படி இனிக்குது?"

"என்னக்கா இப்பப் போய்..."

"சொல்லுடி."

"ஒண்ணு ஒண்ணரை வருஷமிருக்கும். ஏன்?"

"அப்பா ஒண்ணும் சொல்லலையா? முகர்ந்து பாக்கலையா?"

தங்கை ஜக்கை மேடையில் வைத்தாள். தலையைக் குனிந்துகொண்டாள்.

"அப்பாவுக்கு வாசனையே தெரியாதுக்கா. ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு சளி வந்துச்சே, அதோட போயிருச்சு. பால் தீஞ்சு வீடே புகையா இருக்கும், பக்கத்துல உக்காந்து பேப்பர் படிப்பார். அக்காகிட்ட சொல்லாதேன்னு சத்தியம் வாங்கிட்டார். 'மூக்கர்னு பேரை வெச்சுக்கிட்டு வெக்கக்கேடு'ன்னு சிரிச்சார்."

மூத்தவள் ஜக்கின் மேல் குனிந்தாள். முகர்ந்தாள். ஒன்றும் தெரியவில்லை. மறுபடியும் முகர்ந்தாள். இருக்கிற மாதிரி இருந்தது. குழி வாசம் மூக்கிலேயே தங்கிவிட்டதோ என்னவோ, அவளால் பிரிக்க முடியவில்லை.

வெளியே அவள் காரில் கண்ணாடிப் புட்டிகள் இருந்தன. ஒரு புட்டி பிடித்து அனுப்பலாம். பத்து நாளில் தெரியும். அதுவரை பம்பு கெட்டுவிட்டது, வாஷர் போய்விட்டது என்று ஏதாவது சொல்லி வைக்கலாம். யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம். ஆனால் அந்த முதல் வீட்டுக்காரிக்கு என்ன சொல்வது? அடுத்த வீட்டுக்கு?

சொன்னால் என்ன நடக்கும் என்பது அவளுக்கு மனப்பாடம். முதலில் கேள்வி அவளிடம்தான் வரும். கோடு யார் போட்டது? பிறகு புதுக் கோடு போடுவார்கள். சுவரைத் தாண்டிய கோடு. களி வரைக்கும் தோண்டுவார்கள். தோண்டுகிற இடத்தில் என்ன இருந்தாலும் எடுத்தாக வேண்டும்.

"அக்கா, என்னன்னு சொல்லு. எனக்குப் பயமா இருக்கு."

"இதைக் குடிக்காதே. இனிமே ஒரு வாய்கூடக் குடிக்காதே."

அவள் அதைக் கத்தவில்லை. இருந்தும் பின்வாசலில் பம்பு நின்றது. தங்கையின் வீட்டுக்காரன் கைப்பிடியைப் பிடித்தபடியே எட்டிப் பார்த்தான்.

"என்ன அண்ணி?"

மூத்தவள் பின்வாசல் படியில் வந்து நின்றாள். தம்ளர்களோடு பதினைந்து பேர் இருந்தார்கள். அவள் சொன்னாள். பட்டறையைச் சொன்னாள், களி சாய்வதைச் சொன்னாள், குழிக்குள் இருந்த தண்ணீரைச் சொன்னாள். அப்பா ஒரு துளை கேட்டதையும், தான் என்ன சொல்லிச் சிரித்தாள் என்பதையும் ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னாள்.

"நிச்சயமா அண்ணி?"

"நிச்சயமில்லை தம்பி. பத்து நாள் ஆகும் தெரிய. ஆனா அதுவரைக்கும் தெருவுல ஒருத்தரும் பம்புத் தண்ணி, கிணத்துத் தண்ணி குடிக்கக் கூடாது. நான் இப்பவே ஒவ்வொரு வீடா போகணும்."

"சாவு வீட்டுல நின்னுக்கிட்டு பேசுற பேச்சா இது?" என்றாள் அத்தை. சொல்லிக்கொண்டே, தன் கையில் இருந்த தம்ளரைச் சுவரின் மேல் வைத்தாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக வைத்தார்கள்.

தங்கை மட்டும் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பாவைத் தோண்டி எடுப்பீங்களா?"

"அளவு கூட இருந்தா... எடுத்துத்தான் ஆகணும்."

"இன்னைக்குத்தானேக்கா வெச்சோம்."

மூத்தவள், தங்கை அடுத்ததைக் கேட்பாள் என்று காத்திருந்தாள். தண்ணீர் இனித்த ஒன்றரை வருஷம், வயிற்றில் ஏழு மாதம், இந்தக் கணக்கைக் கேட்பாள் என்று. அதற்கு என்ன சொல்வது என்று தேடிக்கொண்டிருந்தாள்.

தங்கை அதைக் கேட்கவில்லை. சமையலறைக்குத் திரும்பிப் போய், மேடையிலிருந்த ஜக்கை இரண்டு கையாலும் தூக்கினாள். தண்ணீர் விளிம்பு வரை இருந்தது.

"இதை எங்கக்கா ஊத்துறது?"

மூத்தவள் பாத்திரம் கழுவும் தொட்டியைப் பார்த்தாள். அதன் குழாய் பின்னாலிருக்கும் சாக்கடைக்குப் போகிறது. சாக்கடை தெருவோடு போகிறது. முற்றத்து மண்ணைப் பார்த்தாள், பம்பின் அடியில் ஈரமாகக் கிடந்தது. வேலியோரம் தங்கை வைத்த கீரைப் பாத்தியைப் பார்த்தாள். இந்த மாதிரித் தண்ணீரை எங்கே, எப்படி, எந்த வண்டியில் அனுப்புவது என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாள் அவள்.

"இரு," என்றாள். "இருடி."

தங்கை நின்றாள். விளிம்பில் தண்ணீர் இப்படியும் அப்படியும் ஆடியது. அது கீழே சிந்திவிடாமல், அவள் மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டிருந்தாள்.