அந்தப் பக்கத்துச் சீப்பு

“அண்ணி, கம்பியைப் பிடிக்காதீங்க, கையைக் கிழிச்சிரும்,” என்று கொழுந்தன் அவள் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தான்.

இரண்டு வேலிகளுக்கு நடுவே கிடந்த வெற்றுநிலத்துக்கு அப்பால் வேன் நின்றது. அதற்குள் அவள் கணவன். இரண்டு நாட்டுக் கலைஞர்களும் கூடித் தங்கி, எல்லையோர மக்களைப் பற்றி நாடகம் போடுகிறார்கள் என்று விளக்கு கட்டப் போனவன். குழு அவனை ‘வெளிச்சம்’ என்றுதான் கூப்பிடும். நேற்று ஏணியிலிருந்து இறங்கி, “கொஞ்சம் உட்கார்ந்துக்கிறேன்” என்றானாம். அவ்வளவுதான்.

அதற்கு முந்தின நாள்தான் எல்லை வாயிலை மூடியிருந்தார்கள். உயிரோடிருப்பவருக்கும் வழியில்லை, செத்தவருக்கும் வழியில்லை. காலில் விழாத குறையாகக் கெஞ்சியாயிற்று. இந்த வெயிலில் உடல் தாங்காது. அங்கேயே அடக்கம் என்று முடிவானது.

“நானும் ஒரு தாய் பெத்த பிள்ளைதாம்மா. ஆனா திறக்க எனக்கு அதிகாரமில்ல,” என்றார் காவல்காரர். “அந்தப் பக்கம் பேசி வேனை வேலியோரமா நிறுத்தச் சொன்னேன். அதுதான் என்னால முடிஞ்சது.”

“கடவுள் உங்களை நல்லா வைக்கட்டும்,” என்றாள். மனசாரத்தான் சொன்னாள். பூட்டைப் போட்டவர் வேறெங்கோ இருக்கிறார். இந்த மனுஷர் என்ன செய்வார்?

வேனின் பின்கதவைத் திறந்தது அந்தப் பக்கத்து நடிகை. நாடகத்தில் அக்கா வேடம். தையல்காரியான தன் மனைவியைத் தங்கையாக்கி மேடையேற்றியது வெளிச்சத்தின் குறும்பு. இவளுக்குக் கடக்க அனுமதி கிடைக்காததால் வேலிகளுக்கு இருபுறமும் நின்றே ஒத்திகை. காற்று குரலைத் தின்றுவிடும். அதனால் இவள் செய்வதைக் கண்ணாடிபோல் அவள் செய்வாள். “ஒருத்தி தும்மினா ரெண்டு நாட்டுக்கும் சளி பிடிக்கும்போல,” என்று சிரிப்பான் அவன்.

நடிகை இரண்டு கைகளையும் விரித்தாள். என்ன செய்யட்டும்?

இவள் தன் முகத்தைத் துடைத்துக் காட்டினாள். அங்கே ஈரத்துணி அவன் முகத்தைத் துடைத்தது. இவள் கழுத்தருகே விரல்களைக் கொண்டுபோனாள். அங்கே சட்டைப் பொத்தான் மாட்டப்பட்டது. பிறகு தன் தலையின் இடப்பக்கம் கோடிழுத்து, வாரிக் காட்டினாள். நடிகை தன் பையிலிருந்து சீப்பை எடுத்தாள். தூங்கும் குழந்தைக்குச் சீவுவதுபோல அத்தனை மெதுவாகச் சீவினாள். விலகி நின்று, சரியா என்பதுபோலப் பார்த்தாள்.

கொழுந்தன் கண்ணைச் சுருக்கினான். “ஐயோ அண்ணி, வகிட்டை மாத்தி எடுத்துட்டாங்களே! அண்ணனுக்கு இடப்பக்கம்ல?” என்று கையை உயர்த்தப் போனான்.

அவள் அந்தக் கையைப் பிடித்து இறக்கினாள்.

“கண்ணாடியில அப்படித்தான்ப்பா வரும். இருக்கட்டும்.”

நடிகை சீப்பை நெஞ்சோடு பிடித்தபடி இன்னும் காத்திருந்தாள். இவள் சரி என்று தலையாட்டினாள்.

அவளும் தலையாட்டினாள். வேன் கதவைச் சாத்தினார்கள்.