அக்கா குடிக்கும் சாறு

நோனிப் பழம் பழுத்தால் வெளுத்து வீங்கும். தொட்டால் தோல் கழன்று கையோடு வரும். என் தம்பி யோகராஜ் அதைக் கழுவி, நீல டிரம்மில் அடைத்து, டெய்ரி ஃபார்ம் பகுதியிலுள்ள எங்கள் வீட்டின் பின்புறம் வெயிலில் வைப்பான். சில வாரங்களில் பழம் தானாகவே கரைந்து கறுப்புத் தண்ணீர் விடும். அதுதான் சாறு. எத்தனை முறை வடிகட்டினாலும் அழுகல் நாற்றம் போகாது.

சுனாமிக்குப் பிறகு, நாங்கள் இருந்த கச்சால் தீவில் சேறு காயத் தொடங்கிய நாட்களில் இதே நாற்றம் இருந்தது. அந்தச் சேற்றில்தான் என் கணவர் தம்பையாவையும் மகள் ராணியையும் தேடினேன். கணவர் பிணமாகக் கிடைத்தார். மகள் கிடைக்கவேயில்லை. அந்த நாற்றத்தைத்தான் பிறகு தினமும் காலையில் அரை டம்ளர் குடித்தேன்.

2007இல் சென்னையில் என் இதயத்துக்குள் செயற்கை வால்வு வைத்தார்கள். அதில் ரத்தம் உறையாமலிருக்க ஆயுள் முழுக்க மாத்திரை. மாத்திரை வேலை செய்கிறதா என்று பார்க்க அடிக்கடி ரத்தச் சோதனை. அதில் வரும் எண் இரண்டரைக்குக் கீழே போனால் வால்வில் ரத்தம் கட்டிக்கொள்ளும்; மூன்றரைக்கு மேலே போனால் கண்ட இடத்தில் கசியும்.

என் உடம்பே எனக்கு அருவருப்பாகிவிட்டது. கதவில் கை பட்டால் ஊதாவாகக் கன்றி, பச்சையாகி, மஞ்சளாகி மறைய நாளாகும். பல் துலக்கினால் எச்சில் சிவப்பு. ரத்தம் எடுக்கிற பெண் நரம்பு அகப்படாமல் ஊசியை உள்ளேயே வைத்துத் திருப்புவாள்.

சென்னைக்குக் கூட வந்தவன் யோகராஜ். கப்பலில் நான் எடுத்த வாந்தியைக் கையில் ஏந்தியவன். அவன் டம்ளரை நீட்டும்போது வேண்டாம் என்று சொல்ல வாய் வராது. மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குவேன்.

சாறு வாங்க வருகிறவர்களை நேராக என்னிடம் கூட்டி வருவான்.

"கிட்ட வந்து கேளுங்க, கடிகாரம் மாதிரி டிக் டிக்னு அடிக்கும். பெரிய ஆபரேஷன். அக்கா தினம் இதத்தான் குடிக்கிது. இப்ப ஏக்தம் ஃபிட்!"

சிலர் நிஜமாகவே பாக்கு மென்ற வாயோடு என் மார்புப் பக்கம் காதைச் சாய்ப்பார்கள். "அரே, ஆமா!" என்று சிரிப்பார்கள். நான் தலைப்பை இழுத்து மூடிக்கொள்வேன்.

நான் சாறு குடிக்கத் தொடங்கிய சில மாதங்களில், மழைக்காலத்தில், எண் இறங்கத் தொடங்கியது. டாக்டர் மாத்திரையைக் கூட்டினார், மறுபடி இறங்கியது. இன்னும் கூட்டினார். ஒன்றரைக்கு வந்து நின்றது. அவர் வங்காளி, சென்னையில் படித்த தமிழைத் தீவு இந்தியோடு கலந்து பேசுவார்.

"சச் போலோ அம்மா, உண்மையச் சொல்லுங்க. மாத்திரைய விட்டீங்களா?"

"இல்ல டாக்டர்."

"கீரை? முட்டைக்கோஸ்? அதுவும் மாத்திரைய முறிக்கும்."

"தொடறதே இல்ல."

அவர் நம்பவில்லை. ஸ்டெதஸ்கோப்பை வைக்கக் குனிந்தவர் முகத்தைச் சட்டென்று திருப்பினார்.

"சீ! என்ன குடிச்சிட்டு வந்தீங்க?"

"நோனிதான் டாக்டர். தம்பி போடறது."

கீரையைக் கேட்டார், வேறு மருந்து உண்டா என்று முன்பே கேட்டிருந்தார். எங்கள் வீட்டில் நோனி இரண்டுமில்லை, வெறும் பழம். அதனால் சொல்லத் தோன்றவில்லை.

"பந்த் கரோ, உடனே நிறுத்துங்க. அதுதான் மாத்திரைய வேலை செய்ய விடல. வால்வு அடைச்சா மெயின்லேண்ட் போகக்கூட டைம் கிடைக்காது."

மாத்திரையைப் பழைய அளவுக்குக் குறைத்து, சீக்கிரமே மறுபடி ரத்தம் கொடுக்கச் சொன்னார்.

யோகராஜ் பதறிப்போவான் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். நான் சொல்லி முடித்ததும் அவன் முதலில் பார்த்தது டிரம்களைத்தான்.

"சரி, நீ குடிக்காத. ஆனா வர்றவங்ககிட்ட இத சொல்லிக்கிட்டு இருக்காதக்கா. சரக்கு அவ்வளவும் கெடக்கு."

என் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

சாற்றை நிறுத்தியபின் எண் மெல்ல ஏறி இரண்டரையைத் தாண்டியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரார்கஞ்சிலிருந்து சிவஞானம் என்பவர் வந்தார். அவர் மனைவிக்கும் சென்னையில் வால்வு வைத்திருந்தார்களாம். வழக்கம்போல யோகராஜ் அவரை என்னிடம் கூட்டி வந்தான்.

"அக்கா இதக் குடிச்சப்ப கல்லு மாதிரி இருந்துச்சுங்க. நிறுத்துச்சு, பாருங்க எப்படி எளச்சிருச்சுன்னு."

நான் சிவஞானத்தைப் பார்த்தேன். "உங்க வீட்ல ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறாங்களா?"

"தினமும் சாப்பிடுதுங்கக்கா."

"அப்ப ஒரு சொட்டுகூட குடுக்காதீங்க. என் மாத்திரைய இதுதான் கெடுத்துச்சு. டாக்டர்கிட்டயே கேட்டுக்கோங்க."

"அக்கா, வாய மூடு!" யோகராஜ் அவர் பக்கம் திரும்பினான். "அதுக்கு மூளை கொழம்பிருச்சுங்க."

சிவஞானம் கோபப்படவில்லை. யோகராஜ் கொடுத்திருந்த சாறு பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நீங்க குடிக்கிறீங்களா தம்பி?"

"குடிக்காமயா? தினமும்."

"அப்ப ஒரு மொடக்கு குடிச்சுக் காட்டுங்களேன், பாப்போம்."

யோகராஜ் பாட்டிலை வாங்கி மூடியைத் திருகினான். இத்தனை மாதத்தில் அவன் அதை வாயில் வைத்து நான் பார்த்ததில்லை. ஒரு வாய் ஊற்றிக்கொண்டான். கன்னம் உப்பியது, கண்ணில் நீர் கோத்தது. விழுங்க முயன்றான், முடியவில்லை. பாட்டிலை அவரிடமே திணித்துவிட்டு ஓடிப்போய்ச் சாக்கடையில் குனிந்து, காலையில் தின்ற ரொட்டியோடு சேர்த்துக் கக்கினான்.

சிவஞானம் பாட்டிலைத் தரையில் வைத்துவிட்டு, "வர்றேங்கக்கா" என்று பஸ்ஸுக்குப் போனார்.

தம்பி இன்னும் ஓங்கரித்துக்கொண்டிருந்தான். செம்பில் தண்ணீர் மொண்டு வந்தேன். அவன் கை நீட்டினான். கையில் கொடுக்காமல் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே வந்தேன்.