மூங்கில் பாலத்துக்கு அப்பால் ராஜலக்ஷ்மி

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் நான் கண்ணால் பார்த்தது ஒரே ஒரு காட்சிதான். மார்கழிக் காலை. கல்கத்தாவுக்குக் கிழக்கே, பான்தலாவையும் தாண்டி, கால்வாய்க் கரையில் ஒரு மூங்கில் பாலம். அதன் மேல் ஒரு பெண் தோளில் சைக்கிளைச் சுமந்துகொண்டு போய்க்கொண்டிருந்தாள். கழுத்தில் ஒரு ஜோடி ஷூ தொங்கியது. நடுப்பாலத்தில் நின்று, தமிழில் ஒரு வசவை ஆரம்பித்து, பாதியில் விழுங்கிவிட்டு, மேலே நடந்தாள்.

நான் இந்தக் கரையில் என் சைக்கிளோடு நின்றிருந்தேன். அந்த அரை வசவைக் கேட்ட பிறகு அவளை எழுதாமல் இருக்க முடியவில்லை. பெயர், புருஷன், ஊர், குவார்ட்டர்ஸ் எல்லாம் நான் வைத்தவை. வைத்த பிறகு அவள் என் பேச்சைக் கேட்கவே இல்லை என்பதை நீங்களே பார்க்கப் போகிறீர்கள்.

2

தொடக்கம் வரவில்லை. நான்கு நாள் உட்கார்ந்தேன்.

“கிழக்கு வெளுப்பதற்கு முன்பே ராஜலக்ஷ்மி –”

வேண்டாம். கிழக்கு வெளுக்கும் கதைகளை நானே படிப்பதில்லை.

“கால்வாய் என்பது ஒரு நகரத்தின் –”

கால்வாய் என்பது கால்வாய்தான். நகரம் கழுவி ஊற்றிய தண்ணீர் அதில் ஓடுகிறது. நாறத்தான் நாறுகிறது. அந்தத் தண்ணீரைக் குளங்களுக்குத் திருப்பி மீன் வளர்க்கிறார்கள், அந்த மீனை அதே நகரம் கடுகு அரைத்துவிட்டுச் சாப்பிடுகிறது. இதில் நான் சேர்க்க ஒன்றுமில்லை.

“நாளைக்குக் கார்த்தால சாமான் கட்ட பேக்கர்ஸ் வரா. நீ என்னடான்னா இன்னிக்கு சைக்கிள எடுத்துண்டு கிளம்பறே” என்றார் பட்டாபி.

ஆ, இது பரவாயில்லை. ஆள் இருக்கிறார், அவசரம் இருக்கிறது, அவர் கையில் காபி டம்ளர் இருப்பதுகூடத் தெரிகிறது. இங்கிருந்தே போகலாம்.

3

பட்டாபி ரயில்வேயில் கணக்குப் பிரிவு அதிகாரி. கார்டன் ரீச் குவார்ட்டர்ஸில் நாலு வருஷம். இப்போது பிலாஸ்பூருக்கு மாற்றல்.

மாற்றல் உத்தியோகக் குடும்பங்களுக்கென்று ஒரு பழக்கம் உண்டு. ஓர் ஊருக்குப் போனவுடன், அந்த ஊரில் பார்த்தே தீரவேண்டிய இடத்தை “அப்பறமா நிதானமா பாத்துக்கலாம்” என்று எடுத்து வைப்பார்கள், பட்டுப்புடவையை பீரோவின் மேல்தட்டில் வைப்பதுபோல. ஆர்டர் வந்ததும் லாரிக்கு ஆள் தேடுவார்கள். ஹூப்ளியில் நாலு வருஷம் இருந்தும் ராஜலக்ஷ்மி ஹம்பி பார்க்கவில்லை. போபாலில் இருந்தும் சாஞ்சி இல்லை. விசாகப்பட்டினத்தில் அரக்குப் பள்ளத்தாக்குக்கு டிக்கெட்டே எடுத்தாயிற்று, அன்றைக்கென்று பட்டாபியின் மேலதிகாரி இன்ஸ்பெக்ஷன் வைத்தார். யாராவது “விசாகப்பட்டினம் எப்படி?” என்று கேட்டால் அவளிடம் சொல்ல இருப்பது தண்ணீர்க் கஷ்டமும், பால் எத்தனை மணிக்கு வரும் என்பதும்தான்.

[இந்த இடத்தில் அவளுக்கு ஒரு பெரிய துக்கம் கொடுக்கலாமா என்று யோசித்தேன். பாதியில் விட்ட படிப்பு, பாதியில் விட்ட வீணை. அவளைப் பார்த்தால் துக்கக்காரியாகத் தெரியவில்லை. அவளுக்குக் கோபம்தான் இருந்தது. கோபத்தையே வைத்துக்கொண்டேன்.]

கல்கத்தாவில் அவள் எடுத்து வைத்தது விக்டோரியா நினைவகம் அல்ல. அதைப் பார்த்தாயிற்று. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டர் சொன்னதால் சைக்கிள் ஓட்ட ஆரம்பித்தவள், இரண்டாம் வருஷம் கிராவல் சைக்கிளுக்கு மாறினாள். பந்தய சைக்கிள் மாதிரி வளைந்த ஹேண்டில், ஆனால் டயர் தடிமன். தார் ரோடு முடிகிற இடத்தில் அதற்கு உற்சாகம் பிறக்கும். அந்த சைக்கிளில்தான் கால்வாயைக் கண்டுபிடித்தாள். இந்தத் தண்ணீர் கடைசியில் எங்கே போகிறது என்று ஒருநாள் கேட்டாள். கிழக்கே ஓர் ஆற்றில் போய்ச் சேருகிறது என்றார்கள். அதைப் பார்க்க வேண்டும் என்று முடிவு கட்டினாள்.

மூன்று முறை போனாள். மூன்று முறையும் மூங்கில் பாலத்தோடு திரும்பினாள்.

4

“அடுத்த ஊர்லயும் கால்வாய் இருக்கும்டி” என்றார் பட்டாபி.

“இருக்கும். அதையும் பாதிதான் பாப்பேன்” என்றாள் ராஜலக்ஷ்மி. “சாயங்காலம் வந்து இந்த சைக்கிள நானே துணி சுத்தித் தரேன். அதுவரைக்கும் எதுவும் கேக்காதேங்கோ.”

பட்டாபி கேட்கவில்லை. டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து, “காத்து போறாதே” என்று மட்டும் சொன்னார்.

“கல்லு ரோட்டுக்கு இவ்ளோதான் வேணும். நிறைய இருந்தா தூக்கித் தூக்கிப் போடும்.”

நல்ல மனுஷர். முதல் பிரதியில் அவரை வில்லனாக எழுதியிருந்தேன், கதவை மறித்து நிற்கிற மாதிரி. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். பாவம், அவரும்தான் ஹம்பி பார்க்கவில்லை.

5

கரியாஹாட் சந்திப்பில், கூட சைக்கிள் ஓட்டுகிற சிநேகிதி தாரா காத்திருந்தாள். நடைபாதைக் கடைகள் இன்னும் நீலப் பிளாஸ்டிக் போர்த்தித் தூங்கிக்கொண்டிருந்தன. தாராவின் கொள்ளுத்தாத்தா ஒரு கம்பெனி குமாஸ்தாவாக இங்கே வந்தவர். அவள் தமிழ் வீட்டுக்குள்ளேயே வளர்ந்த தமிழ், வெளிக்காற்று படாதது. ராஜலக்ஷ்மியை அவள் மாமி என்று கூப்பிடாமல் வங்காளி வழக்கப்படி ‘ராஜிதி’ என்று அக்காவாக்கிவிட்டதில் ராஜலக்ஷ்மிக்கு உள்ளூர ஏக சந்தோஷம்.

“தாரா, நீ பாத்திருக்கியா அந்த ஆத்த?”

“நான் எங்க பாத்தேன் ராஜிதி? நம்ம ஊர்தானே, எப்போ வேணா போலாம்னு இருந்துட்டோம். எங்க அப்பாகூட பாக்கலை.”

ராஜலக்ஷ்மி பலமாகச் சிரித்தாள். கிளம்பிப் போகிறவர்களும் பார்ப்பதில்லை, தங்கி இருக்கிறவர்களும் பார்ப்பதில்லை. அப்படியானால் அந்த ஆற்றை யார்தான் பார்க்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டே பெடலை மிதித்தாள்.

நகரம் முடிந்ததும் நிலம் தோசைக்கல் மாதிரி தட்டையாகிவிட்டது. ஒரு பக்கம் கால்வாய், மறுபக்கம் மீன்குளங்கள், நடுவே உடைத்த செங்கல் கொட்டிய கரைப்பாதை. குளங்களின் மேல் பனி நின்றது. சக்கரத்துக்கு அடியில் செங்கல் நொறுங்கும் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. கடுகு வயல் ஒன்று மஞ்சளாக வந்து போனது. சைக்கிள் ஓட்டுவதில் இருக்கிற சந்தோஷத்தை எழுதுவது கஷ்டம். எழுதினால் விளம்பரம் மாதிரி ஆகிவிடுகிறது. அவள் பாடிக்கொண்டே போனாள் என்று மட்டும் சொல்கிறேன். சுருதி சேரவில்லை. யார் கேட்கப்போகிறார்கள் என்று சத்தமாகவே பாடினாள்.

6

பாலம்.

பெரிய கால்வாயில் ஒரு கிளை வந்து சேரும் இடத்தில் கரை அறுந்துபோகிறது. அங்கே காலுக்கு இரண்டு மூங்கில், கைக்கு ஒரு மூங்கில். உள்ளூர்க்காரர்கள் மீன் கூடையோடு பேசிக்கொண்டே கடந்துவிடுகிறார்கள். ராஜலக்ஷ்மிக்கு அது பாலமாகவே தெரியவில்லை. முதல் முறை வழுக்கி உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே பின்னால் நகர்ந்து வந்தாள். இரண்டாம் முறை பார்த்துவிட்டுத் திரும்பினாள். மூன்றாம் முறை பார்ப்பதற்கு முன்பே தலைவலி வந்துவிட்டது.

“ராஜிதி, சைக்கிள் என்கிட்ட தா. நான் ரெண்டு தடவை போய் வரேன். நீ கையை வீசிண்டு வா.”

ராஜலக்ஷ்மி பாலத்து முனையில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் நிற்கட்டும். எனக்கு இங்கே கொஞ்சம் வேலை இருக்கிறது.

முடிவு அ: அவள் வழுக்குகிறாள். சைக்கிள் தண்ணீரில் போய்விடுகிறது. அவள் நீர் வளையங்களையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். [சிறுபத்திரிகைக்கு இது தாராளமாகப் போதும்.]

முடிவு ஆ: ஒரு மீனவர் வந்து சைக்கிளை வாங்கிக்கொண்டு போகிறார். மனிதம் வாழ்கிறது. [வாழட்டும். ஆனால் இது அவள் சைக்கிள்.]

முடிவு இ: திரும்பிவிடுகிறாள். வழியில், போய்ச் சேருவதைவிடப் போவதுதான் முக்கியம் என்று உணர்கிறாள். [இதை எழுதி முடித்ததும் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டேன்.]

நம்மிடம் ஒரு நம்பிக்கை ஊறிக் கிடக்கிறது. கதாபாத்திரம் தோற்றால் இலக்கியம், ஜெயித்தால் பொழுதுபோக்கு. யார் சொன்னது? ஹூப்ளியிலும் போபாலிலும் விசாகப்பட்டினத்திலும் அவள் தோற்றது போதாதா? இன்னும் ஓர் ஊரையும் இவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டு, அதற்கு நான் கைதட்டலும் வாங்க வேண்டுமா? எனக்கு வேண்டாம். ஜெயிக்கட்டும் என்று எழுத உட்கார்ந்தேன். எப்படி ஜெயிப்பாள் என்றுதான் தெரியவில்லை.

7

அவளுக்குத் தெரிந்தது.

காலைப் பார்த்தாள். காலில் இருந்தது கிராவல் ஓட்டுகிறவர்களின் ஷூ. அடியில் பெடலைக் கவ்விக்கொள்ள இரும்புக் கொக்கி. பெடலில் அது உடும்பாகப் பிடிக்கும். ஈர மூங்கிலில் அதைப் போட்டுக்கொண்டு ஏறினால் யாராக இருந்தாலும் வழுக்கத்தான் செய்யும். பிறந்தநாளுக்குத் தானே பார்த்து வாங்கிய ஷூ. அதைப் போட்டால்தான் தான் சைக்கிள்காரி என்று ஒரு நினைப்பு. மூன்று முறையும் அதைக் கழற்றத் தோன்றவே இல்லை.

“அட அசடே” என்றாள், தன்னைத்தான்.

ஷூவைக் கழற்றினாள். சாக்ஸைக் கழற்றினாள். நாடாக்களை முடிந்து ஷூவைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். சைக்கிளைத் தூக்கி வலது தோளில் வைத்தாள். மூங்கில் சில்லென்று இருந்தது, ஆனால் பாதத்துக்குப் பிடி கிடைத்தது. விரல்கள் தாமாகவே மடங்கிக் கணுவைப் பற்றிக்கொண்டன.

நடுப்பாலத்தில் மூங்கில் தாழ்ந்தது. அந்த நேரம் பார்த்து முதுகுப் பையில் போன் அடித்தது. பட்டாபிதான். அவருக்குப் பேக்கிங் டேப் கிடைக்கவில்லை. போன் நின்று மறுபடி அடித்தது. ராஜலக்ஷ்மி நின்றாள். அப்போதுதான் அந்த அரை வசவு. [அது பட்டாபிக்கா, மூங்கிலுக்கா, விசாகப்பட்டினத்து இன்ஸ்பெக்ஷனுக்கா என்று என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியாது.]

மேலே நடந்தாள்.

அக்கரையில் கால் பட்டதும் சைக்கிளை இறக்கவில்லை. இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கினாள். “தாரா, பாத்தியா? பாத்தியாடி? வந்துட்டேன்.” குளங்களில் உட்கார்ந்திருந்த கொக்குகள் எல்லாம் கிளம்பிப் பறந்தன. மீன் கூடையோடு காத்திருந்த ஒரு பெண், என்ன நடந்தது என்று புரியாமலே சிரித்தாள். இந்தக் கரையில் நானும் சிரித்தேன், மறைப்பானேன்.

தாராவும் ஷூவைக் கழற்றிவிட்டு வந்து சேர்ந்தாள். இருவரும் பனிக்குள் போனார்கள். கொஞ்ச நேரம் செங்கல் நொறுங்கும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை.

8

இனிமேல் ஆறு வரவேண்டும்.

“ஆறு அவள் நினைத்ததைவிட அகலமாக –”

“மதகுகளுக்கு அப்பால் தண்ணீர் –”

எழுத முடியாது. நான் போனதில்லை. பாலத்தின் இந்தக் கரையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, டீ குடித்துவிட்டு, வந்த வழியே வீட்டுக்குப் போனவன் நான். அவள் என்னைத் தாண்டிப் போய்விட்டாள். பார்க்காத ஆற்றை நான் அளந்து எழுதினால், அவள் பாடுபட்டுப் பார்த்ததை மறுபடி பாதியாக்கிய ஆள் நானாகிவிடுவேன்.

ஒன்று மட்டும் எழுதலாம். மறுநாள் பேக்கர்ஸ் அவள் சுற்றிய துணியைப் பிரித்து சைக்கிளைக் கழுவப்போனபோது ராஜலக்ஷ்மி தடுத்துவிட்டாள். டயரில் சேற்றோடுதான் அது லாரி ஏறியது. அன்று மாலை ஹவுராவில் ரயில் நகர்ந்ததும் பட்டாபி இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே கேட்டார்.

“அப்படி என்னதான் இருந்தது அங்க?”

ராஜலக்ஷ்மி ஜன்னலைவிட்டுத் திரும்பி உட்கார்ந்தாள். இத்தனை வருஷ மாற்றலில் முதல்முறையாக, ஓர் ஊரைக் கடைசிவரை பார்த்த பெண்ணின் முகம் அது. இட்லியைக்கூடத் தொடவில்லை.

“சொல்றேன் கேளுங்கோ” என்று ஆரம்பித்தாள். “அங்க வந்து –”

9

[இந்த இடம் உங்களுக்கு. பான்தலா தாண்டி, கால்வாய் உங்கள் பக்கத்திலேயே வரும்படி ஓட்டிக்கொண்டு போங்கள். டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். பாலம் வரும்போது ஒருவேளை இந்தக் கரையில் நானும் நிற்பேன். நின்றால் எனக்காகக் காத்திருக்க வேண்டாம். ஷூவைக் கழற்றிவிட்டு ஏறுங்கள்.]