மேகலா அனுப்பிய அரபுச் சொல்

மேகலா கணவனோடு பேசி நான்கு நாளாகியிருந்தது. வாலாஜாபேட்டையில் நாத்தனார் வளைகாப்புக்குப் போன இடத்தில், அவள் விடும் குறட்டையைப் பிரேம்நாத் செல்போனில் எல்லாருக்கும் போட்டுக் காட்டிவிட்டான். மாமனார்கூடச் சிரித்தார்.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் மேகலாவுக்குப் பக்கத்துத் தையல் மிஷின் அன்வரி பேகத்துடையது. அன்வரி ஐந்து வருஷம் அரபி படித்தவள். சாப்பாட்டு நேரத்தில் மேகலா அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க அரபியில வெறுப்புக்கு இன்னா வார்த்தை? அந்தாளுக்குப் புரியாத பாஷையில திட்டணும்."

"எந்த வெறுப்பு? நிறைய இருக்குதே. ஹிக்துன்னா உள்ளயே புடிச்சி வெச்சிக்கிற பகை. மழை பெய்யாம நின்னு போனாலும் இதே சொல்லுதான்."

"நான் எங்க உள்ள வெச்சேன்? தட்டைத் தூக்கி அடிச்சேனே!"

"அப்ப ளிக்ன்? மனசு கோணிப்போறது. ஊரை நெனச்சி ஏங்குற ஒட்டகத்துக்கும் அதைத்தான் சொல்வாங்க."

"ஏக்கமா, அவர் மேலயா? வேணவே வேணாம்."

அன்வரி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "கிலான்னு ஒண்ணு. மனசு சட்டியில பொரள்றாப்ல வெறுக்கிறது. வறுக்கிறதுக்கும் அதே எழுத்துங்கதான். நம்ம தமிழ்லயும் வெறுக்கிறதுக்கும் வறுக்கிறதுக்கும் ரொம்ப தூரமா இன்னா?"

"இதான் எனக்கு!"

'உன்னை வெறுத்தேன்' என்று அன்வரி மேகலாவின் செல்போனில் அரபியில் டைப் செய்து கொடுத்தாள். மேகலா உடனே அனுப்பிவிட்டாள்.

தோல் மண்டியில் லோடு ஆட்டோவோடு நின்றிருந்த பிரேம்நாத் அவசரமாகச் செல்போனைத் திறந்தான். நான்கு நாளுக்குப் பிறகு மனைவியிடமிருந்து வந்த முதல் செய்தி. ஓர் எழுத்தும் புரியவில்லை. மண்டி மேஸ்திரி அப்துல் ஹமீதிடம் ஓடினான். அவர் துபாய் ஓட்டலில் பன்னிரண்டு வருஷம் சமையல் செய்தவர்.

"உன்னை வறுத்துட்டேன்னு எழுதியிருக்குப்பா," என்றார் அவர். "இன்னா செஞ்சி தொலைச்ச?"

பிரேம்நாத் குறட்டை விஷயத்தைச் சொன்னான்.

"அப்ப வறுத்தது கம்மிதான்."

சாயங்காலம் பிரேம்நாத் சமையலறை வாசலில் வந்து நின்றான். "அந்த ரெக்கார்டிங்கை அழிச்சிட்டேன் மேகலா. தப்புதான். வறுத்தது போதும், எறக்கி வெச்சிடு."

மேகலாவுக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. "வறுத்தேன்னு யாரு சொன்னது?"

"ஹமீத் பாய்."

சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தவறைத் திருத்தவில்லை.

"கை கழுவிக்கினு வாங்க," என்றாள்.