இந்துவதனிக்குக் கருமாதி

பஞ்சாட்சரம் கதை எழுத உட்கார்ந்தால் முதலில் கோட்டு மாட்டிக்கொள்வான். தோல் மண்டியில் குமாஸ்தாவாக இருந்த காலத்தில் தைத்த கறுப்புக் கோட்டு. உள்ளே சட்டை கிடையாது. ஆம்பூர் வெயிலுக்கு இரண்டும் தாங்காது. கோட்டு இல்லாவிட்டால், வேலை வெட்டி இல்லாமல் வீட்டில் கிடக்கிறவன் என்கிற எண்ணம் அவனுக்கே வந்துவிடுமாம். விடிந்ததும் குளித்து, விபூதி பூசி, கோட்டை மாட்டி, வெற்றிலைப் பெட்டியைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டால் மத்தியானச் சங்கு ஊதுகிறவரை எழுந்திருக்க மாட்டான்.

எழுதினால் மட்டும் போதாதா? எழுதுவதையெல்லாம் நடித்தும் பார்ப்பான். தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் ஒருநாள் சத்தம் கேட்டுக் கதவை இடித்துக்கொண்டு உள்ளே ஓடினால், இவன் தன் கழுத்தைத் தானே நெரித்துக்கொண்டு, "பாவி, உயில் எங்கே?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். அன்று முதல் யார் தேடி வந்தாலும் அவன் பெண்சாதி சௌந்தரம் வாசலிலேயே நிறுத்திவிடுவாள். "அவரு ஒருத்தியக் கொன்னுக்கினு கீறாரு. முடிச்சுட்டு வருவாரு, உக்காருங்க" என்பாள்.

மாதம் ஒரு பாகம். தானே எழுதி, தானே அச்சுப்போட்டு, தானே விற்பது. பத்திரிகைக்காரன் வாசலில் போய் நிற்பதில்லை, ஒருவன் சொல்லி ஒரு எழுத்தை மாற்றுவதில்லை என்று பெரிய வைராக்கியம். வேலூர் லாங் பஜாரில் அவன் புத்தகத்தை அச்சடிக்கிற சாமுவேல், பக்கத்தில் இடம் போதவில்லையென்று ஒரே ஒரு 'அந்தோ'வை எடுத்துவிட்டார். அந்தப் பக்கத்தில் இன்னும் நாலைந்து 'அந்தோ' இருக்கத்தான் இருந்தன. இருந்தாலும் மனுஷன் அவரோடு வெகுநாள் பேசவில்லை. இரண்டு பேரும் ஜாடையிலேயே புரூப் பார்த்தார்கள்.

அவன் கதைகளுக்கு ஒரே சட்டம்தான். ஒவ்வொரு பாகமும் ஒரு பிணத்தில் முடிய வேண்டும். செத்தவர் செத்தவர்தான், திரும்பி வருகிற பேச்சே கிடையாது. அந்தச் சட்டத்தை இந்த முறைதான் மீறினான், அங்கேதான் வந்தது வினை. கதாநாயகி இந்துவதனி ஜமீன் வீட்டில் வளர்ந்த அனாதைப் பெண். எட்டாம் பாகத்து முடிவில் அவளைப் பாலாற்று வெள்ளத்தில் தள்ளிவிட்டு, ஒன்பதாம் பாகத்தில் உயிரோடு எழுப்பி எல்லாரையும் திகைக்க வைக்கலாம் என்று திட்டம்.

"பாலாத்துல தண்ணி ஏது? மணல்ல உழுந்தா முட்டிதான் சிராயும்" என்றாள் சௌந்தரம். இவனுக்குக் கோபம் வந்துவிட்டது. வெள்ளத்தை நம்ப வைக்க, மைசூர்ப் பக்கம் மழை கொட்டியதை மட்டும் ஒன்றரைப் பக்கம் எழுதினான்.

திகைக்க வைக்க வேண்டிய எல்லாரும் என்றால் யார்? முக்கியமாக, அவன் அப்பன் சுண்ணாம்புக் குழியில் இறங்கி வேலை செய்த, தோல் பதனிடுகிற ஷாப்பு ஆட்கள். மத்தியானம் கஞ்சி குடித்தபின் புங்கமரத்தடியில் எல்லாரும் உட்கார, இருதயராஜ் புத்தகத்தை விரித்து வாசிப்பான். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் வேதம் வாசிக்கிறவன் அவன்தான். அதே குரலில், அதே நிதானத்தில் கொலையையும் வாசிப்பான். அந்தக் குரலில் கேட்டால் பொய் என்று யார் சொல்வார்கள்? இந்த ஷாப்பு ஆட்கள் கதை நன்றாயிருக்கிறது என்றால்தான் வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஷாப்புகளும் வாங்கும். இவர்கள் வேண்டாமென்றால் பஞ்சாட்சரம் அதே கோட்டோடு மண்டிக்குத் திரும்ப வேண்டியதுதான். மண்டி முதலாளியும் வழியில் பார்க்கும்போதெல்லாம், "உன் எடம் காலியாத்தான் கீதுப்பா" என்று அன்பாகச் சொல்லிவைப்பார். அந்த அன்புக்குப் பயந்தே இவன் எதிர்ச்சாரிக்கு மாறிவிடுவான்.

ஒன்பதாம் பாகம் அச்சாகிவிட்டது. புத்தகக் கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வேலூரிலிருந்து வந்து, ஆம்பூரில் ரயிலிறங்கி ஷாப்பு வழியாக நடந்தான். அன்றைக்கு லீவு. ஆனாலும் புங்கமரத்தடியில் கூட்டம். எல்லாரும் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு இலை முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். தோலில் மயிர் வழிக்கிற பூவம்மாள், இவனுக்கு அத்தைமுறை, பார்த்ததும் கூப்பிட்டாள். பசி வேளை. புத்தகக் கட்டைக் கீழே போட்டு அதன்மேலேயே உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தான். வடை மொறுமொறுவென்று இருந்தது. பாயசத்தை இரண்டாந்தரம் வாங்கிக்கொண்டான். பரிமாறுகிற ஆள் மட்டும் யாரென்று தெரியவில்லை, வெளியூர்க்காரன் போலிருந்தது. உற்றுப் பார்த்த பிறகுதான் புரிந்தது, அது சுண்ணாம்புக்குழி மேஸ்திரி ரத்தினசாமி. மீசை இல்லை. ஷாப்பைப் பார்க்க வந்த துரையே ஒருநாள் நின்று பார்த்துவிட்டுப் போன மீசை. இப்போது அந்த இடம் உரித்த வெங்காயமாக இருந்தது.

யாருக்கு என்ன காரியம் என்று பஞ்சாட்சரம் மெதுவாக விசாரித்தான்.

"நம்ம இந்துவதனிக்குத்தான் மச்சான் கருமாதி. பெத்தவங்களும் இல்ல, கூடப் பொறந்தவனும் இல்லன்னு நீதான எழுதின? அனாதையா உட்டுட முடியுமா? அண்ணன்முறைக்கு நான் நின்னு செஞ்சேன்" என்றான் ரத்தினசாமி.

பஞ்சாட்சரம் இலையிலிருந்து கையை எடுத்தான். கதையில் செத்ததற்கெல்லாமா கருமாதி என்று எப்படியோ கேட்டுவிட்டான்.

"கதைன்னா இன்னா, சாவு சாவுதான?" என்றாள் பூவம்மாள். அவள் கண் இன்னும் சிவந்திருந்தது. அந்தப் பெண் ஆற்றோடு போனதைக் கேட்ட நாளிலிருந்து அத்தை சரியாகக் கஞ்சி குடிக்கவில்லை என்று பக்கத்து இலைக்காரர் சொன்னார். பஞ்சாட்சரத்துக்கு உட்கார்ந்த இடம் சுட்டது. அவனுக்கு அடியில் இருந்த புத்தகக் கட்டுக்குள்தான், ஒவ்வொரு பிரதியிலும் முதல் பக்கத்திலேயே, இந்துவதனி கண்ணைத் திறந்து "நான் எங்கே இருக்கிறேன்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து பரணில் புத்தகக் கட்டை ஒளித்து வைத்தான். சௌந்தரத்திடம் புலம்பினான். இரட்டைப் பிறவி என்று சொல்லிவிடலாமா, இல்லை கட்டையே பாலாற்றில் போட்டுவிடலாமா என்று கேட்டான். அதற்கும் தண்ணீர் வேண்டுமே என்றாள் அவள். காலையில் கோட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு வரி ஓடவில்லை. ரத்தினசாமியின் மொட்டை உதடுதான் கண்முன் வந்து நின்றது. அவனுடைய கையும் சாதாரணக் கை இல்லை. ஊறின எருமைத்தோலை ஒற்றை ஆளாகக் குழியிலிருந்து இழுத்துப் போடுகிற கை. கடைத்தெருவுக்குப் போகிற வழியில் மண்டி முதலாளி வேறு பார்த்துச் சிரித்தார்.

கடைசியில் சௌந்தரமே பரணிலிருந்து ஒரு பிரதியை எடுத்துக் கையில் திணித்தாள். "அவளத் தண்ணில தள்ளத் தெரிஞ்சுதில்ல? கூட்டிக்கினு போய் அவங்க முன்னால நிறுத்து" என்றாள்.

அன்றைக்குக் கோட்டுக்குள் சட்டையும் போட்டுக்கொண்டு போனான். புத்தகத்தை இருதயராஜிடம் கொடுத்துவிட்டு, ஓடுவதற்குத் தோதாக வேலிப் பக்கம் நின்றான். இருதயராஜ் தொண்டையைக் கனைத்து ஆரம்பித்தான். வெள்ளம் வடிந்தது. பனந்துண்டு ஒன்று கரை ஒதுங்கியது. அதில் மாட்டியிருந்த பெண் கண்ணைத் திறந்தாள். இருதயராஜே ஒருதரம் நிறுத்தி, அந்த வரியைத் திரும்ப வாசித்தான். ரத்தினசாமியின் கை மெள்ள மேலுதட்டுக்குப் போனது.

பூவம்மாள்தான் முதலில் எழுந்தாள். "உசுரோட கீறாளாடா பஞ்சு?" என்று கேட்டாள். ஆமாம் அத்தை என்றான். அவ்வளவுதான், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். ஆற்றோடு போனாள் என்று கேட்டபோது அழுததைவிட இது ஜாஸ்தி. பஞ்சாட்சரத்துக்கு என்னவோ செய்தது. எத்தனை வருஷமாக எத்தனை பேரைக் கொன்றிருக்கிறான்; ஒரு பிணத்துக்காவது ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டிருப்பானா? பக்கம் நிரம்பியதா என்றுதான் பார்த்திருக்கிறான். வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடு கூடவே, சொன்னால் நம்ப மாட்டீர்கள், அப்படியொரு சந்தோஷமும் இருந்தது.

சந்தோஷப்பட விட்டார்களா? ரத்தினசாமி எழுந்து நேராக வேலிப் பக்கம் வந்தான். பஞ்சாட்சரம் ஓடுவதற்காகச் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டான்.

"மீசை கெடக்குது, மொளைக்கும். கருமாதி பண்ணிட்டமே மச்சான். அவள இப்போ எப்பிடி உள்ள சேக்கறது?" என்றான் ரத்தினசாமி.

நியாயமான கேள்வி. கருமாதி செய்து அனுப்பின பெண் அப்படியே வாசற்படி மிதித்தால் குடும்பத்துக்கு ஆகாது. கூட்டம் இரண்டாகப் பிரிந்து, சங்கு ஊதியதுகூடக் காதில் விழாமல் பேசியது. பூவம்மாள்தான் முடிவு சொன்னாள். திரும்பி வந்தவள் புதிதாகப் பிறந்தவள். தொட்டில் கட்டிப் பேர் வைத்துத்தான் சேர்க்க வேண்டும். உடனே ஒரு பழம்புடைவையைப் புங்கமரக் கிளையில் ஏணையாகக் கட்டினார்கள். ஒன்பதாம் பாகத்துக்கு மஞ்சள் குங்குமம் வைத்து உள்ளே கிடத்தி ஆட்டினார்கள். பேர் இந்துவதனி என்றே இருக்கட்டும் என்று பஞ்சாட்சரம் மன்றாடிப் பார்த்தான். செத்த பேரைத் திரும்ப வைக்கக்கூடாது என்றுவிட்டார்கள். தண்ணீரிலிருந்து வந்தவள், கெங்கம்மாள் என்று பூவம்மாள் புத்தகத்தின் காதில், அதாவது அட்டையின் ஓரத்தில், மூன்று தரம் சொன்னாள்.

ஜமீன் மாளிகையில் வீணை வாசிக்கிற பெண்ணுக்கு கெங்கம்மாள். ஒரு 'அந்தோ'வுக்காக மாதக்கணக்கில் வாய் பேசாத மனுஷன் வாயைத் திறந்தான். எதிரே ரத்தினசாமியின் உதடு தெரிந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டான்.

பத்தாம் பாகம் அந்தத் தொட்டிலில்தான் தொடங்கியது. ஷாப்பு ஆட்கள் தங்கள் வீட்டுப் பெண் கதையென்று ஆளுக்கு ஆள் சொல்லி, வாணியம்பாடிக்காரர்கள் வேலூருக்கே ஆள் அனுப்பிப் பிரதி கேட்டார்கள். மண்டியில் அவனுடைய இடத்துக்கு வேறு குமாஸ்தாவைப் போட்டுவிட்டார்கள். ஆனால் எழுதுவதுதான் பெரிய பேஜாராகிவிட்டது. 'கெங்கம்மாள் மஞ்சத்தில் சாய்ந்து பெருமூச்செறிந்தாள்' என்று எழுதினால் அவள் சாய மாட்டேன் என்கிறாள். கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு, ஜமீனில் காணாமற்போன உயிலைத் தேடத் தானே கிளம்பிவிட்டாள். பஞ்சாட்சரம் பின்னாலேயே ஓடி ஓடி எழுதினான். கை வலித்தும் விட மனசு வரவில்லை.

பாகத்தின் முடிவுக்கு வந்தான். சட்டப்படி ஒரு பிணம் வேண்டும். கிழட்டு ஜமீன்தாரைப் போட்டுவிடலாம் என்று எழுந்து, கழுத்தைப் பிடித்து, இரண்டு தரம் இருமிப் பார்த்தான். அப்புறம் என்ன தோன்றிற்றோ, கோட்டைக் கழற்றிவிட்டு ஷாப்பு வேலிவரைக்கும் போய் எட்டிப் பார்த்தான். ரத்தினசாமி குழிக்கரையில் நின்று, இப்போதுதான் முறுக்கப் பதமாக வளர்ந்திருந்த மீசையை ஆசை ஆசையாக நீவிவிட்டுக்கொண்டிருந்தான். ஜமீன்தாருக்கும் காரியம் செய்யப் பிள்ளை குட்டி இல்லை என்பது பஞ்சாட்சரத்துக்கு ஞாபகம் வந்தது. பேசாமல் வீட்டுக்குத் திரும்பி, ஜமீன்தாருக்கு வேர்த்துக் காய்ச்சல் விட்டதென்றும், ஒரு கிண்ணம் கஞ்சி குடித்தாரென்றும் எழுதிப் பாகத்தை முடித்தான்.

அந்த நேரம் பார்த்து யாரோ வந்து வாசலில் நின்று, ஐயா இருக்கிறாரா என்று கேட்டார்கள்.

"உள்ள வாங்க. இன்னிக்கு யாரையும் கொல்லல" என்றாள் சௌந்தரம்.