தூத்துக்குடிச் சட்டத்துக்கு உட்பட்ட தையல் கடை

1979 ஜூன் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை ஏழேகாலுக்கு, மந்தாரக்குப்பத்தில் சைபுன்னிசாவின் தையல் கடைக்குள் கடல் வந்தது. கணுக்கால் அளவுதான். பதினொன்றரைக்குத் திரும்பிப் போனது. சுவரை ஒட்டிய சைக்கிள் கடையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. பஸ் பிடித்துக் கடலூர் போனால்தான் கடல் என்றிருந்த ஊரில் இது எப்படி என்று கேட்பவர்கள், முந்தின நாள் எழுதிய வாடகை ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்க வேண்டும். கையெழுத்துப் போட்ட இரண்டு பேரும் அதைப் படிக்கவில்லை. நாம் மட்டும் படித்தா போடுகிறோம்?

எழுதியவர் சங்கரலிங்கம். தூத்துக்குடியில் தோணி முதலாளிகளுக்கு இருபது வருஷம் பத்திரம் எழுதியவர், மகனுக்கு இங்கே நிலக்கரி மைன்ஸில் வேலை கிடைத்ததும் கூடவே வந்துவிட்டார். கை பழகிய வாசகத்தை மாற்றும் வழக்கம் அவருக்கு இல்லை. அதனால் தையல் கடை ஒப்பந்தத்திலும் கடைசி வரி, ஒப்பந்தக் காலமாகிய ஐந்து வருஷமும் இருதரப்பாருக்கும் தூத்துக்குடித் தோணித்துறையின் சட்டதிட்டங்களே பொருந்தும், வேறு ஊர்ச் சட்டம் எதுவும் பொருந்தாது என்று முடிந்தது. சட்டம் தனியாக வருமா? தன் தண்ணீரையும் காற்றையும் கூட்டிக்கொண்டுதான் வந்தது.

விஷயம் பரவியதும் கடலூரிலிருந்து கூடையோடு வரும் மீன்காரி பட்டம்மாள் நேரில் வந்து, ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். “எங்க கடலு இல்ல இது. உப்பு ஜாஸ்தி,” என்று சொல்லிவிட்டுக் கோபமாகப் போய்விட்டாள். மறுவாரம் சைபுன்னிசாவின் கடையிலிருந்தே நண்டு வாங்கிப் போய் டவுன்ஷிப்பில் விற்றாள். தண்ணீர் தினமும் முக்கால் மணி, ஐம்பது நிமிஷம் தள்ளித் தள்ளி வந்தது. சைபுன்னிசா கதவில் நேரத்தைச் சாக்குக்கட்டியால் எழுதிவைத்தாள். காண்ட்ராக்ட் தொழிலாளர்கள் ஷிப்ட் முடிந்து நேராக வந்து, கரி படிந்த காலை அலசிக்கொண்டே அளவு கொடுத்தார்கள். பேன்ட்டை மடித்துவிட்டு நின்றவர்களுக்கு மடித்த அளவே எடுக்கப்பட்டது. அந்த ஐந்து வருஷமும் மந்தாரக்குப்பத்து ஆண்கள் பாதிப் பேர் முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் துணி இல்லாமல் திரிந்தது இதனால்தான். ஒருவரும் குறை சொல்லவில்லை.

கடைக்குச் சொந்தக்காரர் வெள்ளைச்சாமி, மதுரைப் பக்கத்துக்காரர், மைன்ஸில் பெர்மனன்ட். அவரும் ஒரு தரப்பு அல்லவா? டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் அவர் வீட்டு மேற்கு ஜன்னலில் மட்டும் உப்புக் காற்று வீசியது. அக்னி நட்சத்திரத்தில் பிளாக்கே அங்கே வந்து உட்கார்ந்து வெற்றிலை போட்டது. தோணியில் சீட்டியடிக்கக் கூடாது என்பதால் அவர் உதடு குவியவே மறுத்தது. கம்பெனி பஸ் நின்ற பிறகும் அவர் ஆடிக்கொண்டே இறங்கினார். குடித்திருப்பதாகப் புகார் எழுதிக்கொடுத்த கேட் வாட்ச்மேன் மோந்து பார்த்துவிட்டு, கருவாட்டு வாசனை என்று திருத்தி எழுதினான்.

1982இல் வெள்ளைச்சாமியின் மச்சான் மருதமுத்துவுக்கு வீடியோ கேசட் கடை வைக்கும் ஆசை பிறந்தது. மாமன் கடை இருக்கும்போது வேறு கடை எதற்கு? இரண்டு பேரும் தையல் மிஷினைத் தூக்கி வெளியே வைக்கப் போனார்கள். சைபுன்னிசா பயந்துவிட்டாள். புருஷன் இறந்த பிறகு அவளுக்கு இருந்தது இந்தக் கடை ஒன்றுதான். இது போனால் குறிஞ்சிப்பாடியில் அண்ணன் வீட்டு மூலையில், அண்ணி முகம் பார்த்துச் சோறு தின்ன வேண்டும். சங்கரலிங்கத்திடம் ஓடினாள். அவர் நிதானமாகச் சொன்னார்: “துறையில இறக்குன சரக்க, தண்ணி வத்துன பொறவு, எடத்துக்குச் சொந்தக்காரரு கைப்பட எடுக்கணும்மா. வேற ஆளு தொடப்பிடாது.” வெள்ளைச்சாமிக்கு ஷிப்ட் இல்லாத நேரத்தில் தண்ணீர் இருந்தது. தண்ணீர் இல்லாத நேரத்தில் ஷிப்ட் இருந்தது. இரண்டு வருஷம் முயன்றும் பொருந்தவில்லை.

ஆனால் ஐந்து வருஷம் என்பது ஐந்து வருஷம்தான். 1984 ஜூனில் கெடு முடிந்த மாலை தண்ணீர் வழக்கம்போல் வெளியே போனது, மறுநாள் வரவில்லை. சைபுன்னிசா காய்ந்த தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். பிறகு கத்தரி, டேப், நூல்கண்டு எல்லாவற்றையும் மூட்டை கட்டினாள்.

மூன்றாம் நாள் வெள்ளைச்சாமி பூட்டோடு வந்தார். மருதமுத்து அவரைக் கைத்தாங்கலாகப் பிடித்து வந்தான். தரை ஆடாததால் மனிதருக்குத் தலை சுற்றி, மூன்று நாளாக வாந்தி. ஜன்னல் செத்துக் கிடந்தது. பிளாக்கில் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. மனைவி நாகம்மாள் பேச்சை நிறுத்தியிருந்தாள். கடைக்குள் கால் வைத்தவர் வறண்ட தரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“மூட்டைய பிரிம்மா,” என்றார்.

“இன்னாத்துக்குங்க?”

“என்னால முடியல. மறுபடி எழுதிப்போம்.”

சைபுன்னிசா எழுந்திருக்கவில்லை. “அஞ்சு வருசம்னு எழுதிக்கினு வந்தீங்கன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேங்க. எம் மூச்சு இருக்கிற மட்டும்னு எழுதுங்க. கால தூக்கிக்கினு தெப்பேன், பயந்துக்கினு தெக்க என்னால முடியாது.”

மருதமுத்து ஏதோ சொல்ல வாயெடுத்தான். வெள்ளைச்சாமி பூட்டை அவன் கையில் கொடுத்து, போய்ச் சங்கரலிங்கத்தைக் கூட்டிவரச் சொன்னார்.

சங்கரலிங்கம் எழுதி முடித்து, முதல் தடவையாக முழுவதையும் உரக்கப் படித்தார். கடைசி வரி வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார். “தோணித்துறை இங்க எதுக்கு? அடிச்சிரட்டுமா?”

“அடிச்சீங்கன்னா நானும் கையெழுத்துப் போட மாட்டேன்,” என்றார் வெள்ளைச்சாமி.

மறுநாள் காலை ஆறே முக்காலுக்குத் தண்ணீர் வந்தபோது, சைபுன்னிசா ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் காலை மட்டும் தூக்கி, அது உள்ளே போக வழிவிட்டாள்.